விதையும் மகரந்தமும் உருவாவதை ஆராயும் தாவர மரபியலாளர் அன்றாடம் என்ன செய்கிறார்? அதனால் பயன் உண்டா?

இளநிலைத் தாவரவியல் மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு, தாமும் இத்துறைக்கு வர விரும்புவதாகவும் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வேலையின் பெரும்பகுதி எண்ணுவதுதான். நல்ல விதை எத்தனை, சூம்பிய விதை எத்தனை, விதையே இல்லாத இடம் எத்தனை என்று நாள்கணக்கில் எண்ணுகிறோம். எந்த மரபணு, எந்தக் கட்டத்தில், எந்தத் திசுவில் தேவைப்படுகிறது என்பதை அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

இது எப்படி முடிகிறது என்பதை அறிய, மகரந்தத்தூள் வெறும் தூளன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மகரந்தப்பைக்குள் இருக்கும் தாய்ச்செல், மரபணுத் தொகுதியைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்கு உட்பட்டு, ஒற்றைத் தொகுதி மட்டுமே கொண்ட நான்கு ஒருமடியச் செல்களைத் தருகிறது. அவை ஒவ்வொன்றும் சமமில்லாமல் பிரிந்து, பெரிய உடலச் செல்லையும் அதற்குள் அடங்கிய சிறிய உற்பத்திச் செல்லையும் உண்டாக்குகின்றன. அந்தச் சிறிய செல் மறுபடி பிரிந்து இரண்டு ஆண் கேமீட்டுகளை, அதாவது விந்துச் செல்களைத் தருகிறது. ஆக, ஒவ்வொரு மகரந்தத்தூளும் தனக்கென்று ஒற்றைத் தொகுதி மரபணுக்களைக் கொண்ட, மூன்றே செல்களால் ஆன ஒரு குட்டித் தாவரம். சூலுக்குள்ளும் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும் கொண்ட இன்னொரு ஒருமடியத் தாவரம் காத்திருக்கிறது. ஒரு ஆண் கேமீட் அண்ட செல்லோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று மைய செல்லின் இரண்டு துருவ உட்கருக்களோடு இணைந்து மும்மடியக் கருவூண் திசுவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் செர்கெய் நவாஷின் லில்லி வகைச் செடிகளில் கண்டறிந்தார். விதையுறை முழுவதும் தாய்க்கு உரியது, கரு தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதி, கருவூண் திசுவில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. ஒரே விதைக்குள் மூன்று வேறு மரபமைப்புகள் இப்படி ஒட்டி வாழ்கின்றன என்பது படித்த நாள் முதல் இன்றுவரை எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

இனி எண்ணும் வேலைக்கு வருகிறேன். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு களைதான் எங்கள் முதன்மைச் செடி. ஏறத்தாழ ஆறு வாரங்களில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும். தாவரங்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டதும் இதற்குத்தான், 2000இல். இதன் காய் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளமுள்ள மெல்லிய குழல். முற்றாத காயை இரட்டை ஒட்டுநாடாவின் மேல் கிடத்தி, நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் இரு ஓரத்தையும் கீறி மூடியை விலக்கினால், நடுவிலுள்ள மெல்லிய சுவரின் இருபுறமும் பச்சை மணிகள் வரிசையாகத் தெரியும். மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான செடியைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டு அப்படித் திறக்கும்போது, நான்கில் ஒன்று வெளிறிக் குழைந்திருந்தால், அந்த மரபணு கருவுக்குத் தேவை என்று பொருள். பாதி இடங்களில் விதையே இல்லாமல் சூல் வெண்புள்ளியாக வற்றிக் கிடந்தால், கருவுறுவதற்கு முன்பே சூலுக்குள் இருக்கும் பெண் தலைமுறை, அதாவது அந்த ஏழு செல் ஒருமடியத் தாவரம், தவறியிருக்கிறது.

பாதி விதைகள் வளரத் தொடங்கி நடுவில் நின்றுபோவது மூன்றாவது வகை. 1998இல் உவேலி குரோஸ்னிக்லவுஸும் உடன் ஆய்ந்தவர்களும் விவரித்த மெடியா மரபணு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பழுது தாயின் வழியாக வந்தால், குறையற்ற செடியின் மகரந்தத்தைத் தூவினாலும் அந்த விதை பிழைப்பதில்லை. அதே பழுது தந்தையின் வழியாக வந்தால் விதைக்கு ஒன்றும் ஆவதில்லை. கருவூண் திசுவில் தாய் தந்த பிரதி மட்டுமே பேசுகிறது, தந்தை தந்த பிரதி வாய்மூடி இருக்கிறது என்பதே காரணம். ஆகவே தந்தையின் நல்ல பிரதி உடனிருந்தும் உதவ முடிவதில்லை. தன் பிள்ளைகளைக் கொன்ற கிரேக்கப் புராணத் தாயின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரு மரபணு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதை இப்படி நினைவில் வைத்திருக்கும் என்பதை, 1970இலேயே கெர்மிக்கிள் என்ற மரபியலாளர் மக்காச்சோளத்தின் நிறத்தை வைத்துக் காட்டியிருந்தார்: நிறமூட்டும் மரபணு தாயிடமிருந்து வந்த மணி முழுநிறமாகவும், தந்தையிடமிருந்து வந்த மணி திட்டுத்திட்டாகவும் இருந்தது.

என் ஆய்வின் தொடக்கத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு செடிவரிசையில் காய்க்குக் காய் வெற்றிடங்களைக் கண்டு, பெண் தலைமுறைக்கு வேண்டிய புதிய மரபணு கிடைத்துவிட்டது என்று உறுதியாக நம்பி, இரண்டு மாதங்கள் அதன் பின்னால் போனேன். அதே தட்டில் வளர்ந்த பழுதில்லாத செடிகளின் காய்களைத் திறந்து பார்க்கத் தோன்றியதே இல்லை. பார்த்தபோது அவற்றிலும் வெற்றிடங்கள் இருந்தன. வளர்ப்பறையின் அந்த மூலையில் வெப்பம் கூடியிருந்ததுதான் காரணம். மகரந்தம் உருவாகும் நாட்களில் வெப்பம் ஏறினால், அதை ஊட்டி வளர்க்கும் டபீட்டம் என்னும் உள்ளடுக்கு பாதிக்கப்பட்டு மகரந்தம் மலடாகிவிடும். அன்றிலிருந்து ஒப்பீட்டுச் செடிகளை எண்ணாமல் எந்த விகிதத்தையும் நான் நம்புவதில்லை.

மகரந்தத்தைப் பாதிக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் காயைத் திறந்தால் குறையொன்றும் தெரியாது. மகரந்தத்தில் பாதி செயலிழந்தாலும் மீதிப் பாதி எல்லாச் சூல்களையும் கருவுறச் செய்யப் போதுமானது. அப்போது அடுத்த தலைமுறையைத்தான் எண்ண வேண்டும். பழுதை உண்டாக்கச் செருகிய டி.என்.ஏ. துண்டு தரும் ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்தன்மை நாற்றுகளில் மூன்றுக்கு ஒன்று என்று வராமல் ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால், பழுது ஒரு பெற்றோரின் வழியாக மட்டுமே கடக்கிறது. எந்தப் பெற்றோர் என்பது இருதிசைக் கலப்புச் செய்தால் தெரிந்துவிடும். மொட்டு விரியும் முன்பே மெல்லிய இடுக்கியால் ஆறு மகரந்தத் தாள்களையும் சூலகம் கீறாமல் எடுத்துவிட்டு, ஓரிரு நாளில் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கை பழகும்வரை பத்து மொட்டுக்கு எட்டு வாடிப்போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கருவி, 1994இல் விவரிக்கப்பட்ட குவார்டெட் என்னும் சடுதிமாற்றம். அதனால் ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிறந்த நான்கு மகரந்தத்தூள்களும் முதிர்ந்த பிறகும் பிரியாமல் ஒட்டியே இருக்கும். அவற்றின் வளம் குறைவதில்லை. மகரந்தத்துக்கு வேண்டிய ஒரு மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான செடியில் இதைச் சேர்த்து, அலெக்சாண்டர் சாயமிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு நால்வர் கூட்டத்திலும் இரண்டு செந்நீலமாகத் திரண்டும் இரண்டு பச்சையாகச் சூம்பியும் இருக்கும். மெண்டல் பட்டாணியை எண்ணி ஊகித்தறிந்த பிரிவினையை, நாம் ஒரே பார்வையில் நேராகக் காண்கிறோம்.

பயனைப் பற்றிய கேள்விக்கு என் பதில், உண்டு என்பதுதான். நாம் உண்ணும் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் மணியில் பெரும்பகுதி கருவூண் திசுவே. மகரந்தம் உருவாகாத ஆண்மலட்டுச் செடிகள் வீரிய ஒட்டு விதை உற்பத்திக்கு அடிப்படை. ஆனால் அவற்றின் உள்ளியக்கத்தை அறியாமல் பயன்படுத்துவது ஆபத்து. 1970இல் அமெரிக்காவில் இலைக்கருகல் நோயால் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. அப்போது பெரும்பாலான நிலங்களில் டி வகை ஆண்மலட்டுச் சைட்டோபிளாசம் கொண்ட ஒட்டுகளே விதைக்கப்பட்டிருந்தன. மகரந்தத்தை மலடாக்கும் மைட்டோகாண்ட்ரியப் புரதமே, பூஞ்சையின் நஞ்சுக்கு அந்தச் செடியை ஆட்படுத்தவும் செய்தது என்பது பின்னரே தெரியவந்தது.

அண்மைக்கால முயற்சிகளில் பெரியது, கருவுறாமலேயே விதை உண்டாக்குவது. ஒட்டு விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறிவிடுவதால் உழவர் ஒவ்வொரு பருவமும் புதிதாக விதை வாங்க வேண்டியிருக்கிறது. இம்தியாஸ் கண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் ஆகியோர் இடம்பெற்ற குழு 2019இல், நெல்லில் குன்றல் பிரிவைச் சாதாரணப் பிரிவாக மாற்றி, பேபி பூம் 1 என்ற மரபணுவை அண்ட செல்லில் இயங்கச் செய்து, தாயை அச்சாக ஒத்த விதைகளைப் பெற்றது. தொடக்கத்தில் அத்தகைய விதைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிடைத்தன. 2022இல் வெளிவந்த ஆய்வில் அது 95 சதவீதத்தைத் தாண்டியது. அச்செடிகளில் விதைபிடிப்பு எவ்வளவு, அது தலைமுறைதோறும் நிலைக்கிறதா என்பவை இன்னும் வயலில் சோதிக்க வேண்டியவை.

மாணவருக்கு ஒன்று. காசித்தும்பைப் பூ ஒன்றைப் பறித்து, சர்க்கரையும் சிறிதளவு போரிக் அமிலமும் கால்சியம் உப்பும் கலந்த துளியில் அதன் மகரந்தத்தை உதறி, கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருங்கள். குழாய் நீள்வதையும் அதற்குள் சைட்டோபிளாசம் ஓடுவதையும் பார்க்கலாம். பிறகு முளைத்தவற்றையும் முளைக்காதவற்றையும் தனித்தனியே எண்ணிக் குறித்துவையுங்கள்; மறுநாள் வேறொரு செடியின் பூவை எடுத்து அதையும் எண்ணுங்கள்.