ஆங்ரி, ஹங்ரி... மூன்றாவது எங்கே? ஜி-ஆர்-ஒய் சொற்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, ஜி-ஆர்-ஒய் என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் மூன்றாம். ஆங்ரி, ஹங்ரி போக மூன்றாவது என்ன? வாட்ஸ்அப்பில் வந்த புதிர்.

ப: புதிர் கிளம்பிய காலத்தில் தினசரிப் பேச்சில் மூன்றாவது கிடையாது தம்பி, தேடாதீர்கள். 1975 வாக்கில் அமெரிக்காவில் பரவிய புதிர் இது. அதன் ஒரு வடிவத்தில் ஆங்ரி, ஹங்ரி இரண்டையும் சும்மா சொல்லிவிட்டு, ‘தி இங்கிலீஷ் லாங்குவேஜ்’ என்பதில் மூன்று சொற்கள், மூன்றாவது எது என்று கேட்பார்கள். லாங்குவேஜ்! சுத்தக் கடி. வாய் மாறி வாய் மாறி வந்ததில் கடி உதிர்ந்துபோய், ஜி-ஆர்-ஒய் மட்டும் மிஞ்சி, ஊரெல்லாம் அகராதியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது.

கே: புரட்டியதில் ஒன்றும் சிக்கவில்லையா சார்?

ப: சிக்காமல் என்ன, பழைய சரக்கு நிறையவே இருக்கிறது. ‘பக்ரி’ இந்தியாவிலிருந்து போனது: இந்திக்காரர்களின் தலைப்பாகை. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்காகத் தங்கள் தொப்பியைச் சுற்றிக் கட்டி, பின்கழுத்தில் தொங்கவிட்ட மெல்லிய துணிக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். ‘ஆக்ரி’ என்பது கானா பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பழங்காலக் கண்ணாடி மணி. ‘இக்ரி’ எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டது, அரபியில் ‘ஓடு’, இவர்கள் வாயில் ‘சீக்கிரம்!’

கே: வெறும் ஜி-ஆர்-ஒய் மூன்றெழுத்தே ஒரு சொல் என்கிறார்களே?

ப: ஆமாம், ‘கிரை’. இந்தக் கூட்டத்திலேயே எனக்குப் பிடித்தது இதுதான். தத்துவ அறிஞர் ஜான் லாக், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், எல்லாவற்றையும் பத்துப் பத்தாகப் பிரிக்கும் ஓர் அளவுமுறையைச் சொன்னார். ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய அடி, அதில் பத்தில் ஒன்று அங்குலம், அதில் பத்தில் ஒன்று கோடு, அதிலும் பத்தில் ஒன்று கிரை. கணக்குப் போட்டால் சுமார் 0.33 மில்லிமீட்டர் வரும். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நகக்கண் அழுக்கு, அற்பம் என்றெல்லாம் பொருள், அதனால் பெயர் கச்சிதம். அளவுமுறை மட்டும் யாரிடமும் எடுபடவில்லை. ஐரோப்பாவின் நாடோடி இனத்தவரான ரோமானி மக்களிடம் வேறொரு கிரை உண்டு, அது குதிரை.

கே: ஹாங்ரி கணக்கில் வராதா?

ப: பசியில் வரும் கோபம்தானே? எங்கள் வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எல்லோருக்கும் அதுதான். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது, ஆக யாராவது மூன்றாவது கேட்டால் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம்.

கே: எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் இவை செல்லுமா?

ப: பக்ரி செல்லும். அதில் ஜி இரண்டு வேண்டும், பெட்டியில் இருப்பதோ மூன்றே ஜி, அதனால் கை வந்தால் விடாதீர்கள். கட்டத்துக்கான கூடுதல் இல்லாமலே 13 புள்ளி. ஆக்ரிக்கு 10, ஆனால் அது காலின்ஸ் அகராதியின் ஸ்கிராபிள் சொற்பட்டியலை வைத்து ஆடினால்தான்.