முதியவர்கள் பராமரிப்பு ரோபோவை நம்புவதற்கு எது காரணமாகிறது?

"வேண்டாம்" என்றால் அது நிற்கிறதா என்பதுதான் முதல் காரணம். என் அம்மாவிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

அம்மாவுக்கு 78 வயது. மாத்திரை நேரத்தைச் சொல்லி நினைவூட்டும், சக்கரத்தில் நகரும் சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கினோம். சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று அவரைத் திடுக்கிட வைக்கும். கேமரா மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். அதன் இனிமையான குரல் அவரிடம் எடுபடவே இல்லை. அப்புறம், நகரும் முன் "வருகிறேன்" என்று சொல்லவும், "நில்" என்றால் நிற்கவும் அமைத்தோம். இரண்டு நாள் வேண்டுமென்றே அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு பயம் விட்டுப்போனது.

எதிர்பார்ப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சீல் (கடல்நாய்) குட்டி வடிவில் இருக்கும் ஜப்பானின் பாரோ ரோபோவை உருவாக்கிய டகனோரி ஷிபாடா முதலில் நாய், பூனை வடிவங்களையும் முயன்றார். மக்கள் அவற்றை நிஜ நாயோடும் பூனையோடும் ஒப்பிட்டுக் குறை கண்டார்கள். சீல் குட்டியோடு யாரும் பழகியதில்லை, அதனால் ஒப்பிட ஒன்றுமில்லை. அந்தச் சீல் குட்டிக்கு 2009-இல் அமெரிக்காவில் மருத்துவச் சாதனம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. மனிதரைப் போலவே பேசும் ரோபோ மனிதரைப் போலவே புரிந்துகொள்ளும் என்று நினைக்க வைத்துவிடுகிறது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. அம்மா மாத்திரைப் பெட்டியைத் திறக்காமல் அட்டையிலிருந்து நேரடியாக மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னும் மாத்திரை சாப்பிடவில்லை" என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. "பொய் சொல்லுது" என்று கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பெட்டியின் மூடி திறந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும் என்று மூடியைத் திறந்து காட்டினேன். "ஓ, இவ்வளவுதானா" என்றார். அதற்கப்புறம் பெட்டியிலிருந்துதான் எடுக்கிறார். அதன் எல்லை தெரிந்த பிறகு நம்பிக்கை கூடியதே தவிர, குறையவில்லை.

ஆனாலும் குளிக்க வைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் வேறு. உடம்பையே ஒப்படைக்கும் அந்த வேலைகளுக்கு அம்மா இன்றும் மனிதக் கையைத்தான் கேட்கிறார். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகும் கேமரா மேல் துண்டு அப்படியே இருந்தது. ஒருநாள் கேட்டார்: "இது பார்க்கிறதை வேற யாரு பாக்குறாங்க?" என் செல்பேசிக்குப் படம் வருகிறது என்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அவர் முன்னாலேயே அதை நிறுத்தினேன். மறுநாள் துண்டைக் காணோம்.