திருட்டு எம்பி3-ஐ வைத்து ஏஐ-க்குப் பாடக் கற்றுத்தரலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழு நடத்துகிறேன். பல தளங்களிலிருந்து இறக்கிய பழைய பாடல்கள் ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கின்றன. அவற்றால் ஏஐ மாடலைப் பயிற்றுவித்து, பிரபல பாடகர் குரலில் பக்திப் பாடல்களை யூடியூபில் வெளியிட ஆசை. “நாம் கேட்டுப் பழகுவதுபோலத்தானே?” என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியல்ல. நீங்கள் கேட்டால் நகல் உருவாவதில்லை. மாடலுக்கு ஊட்ட ஒவ்வொரு கோப்பையும் நகலெடுத்தாக வேண்டும். அதற்கும் முன்னால், அந்தக் கோப்பு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி இருக்கிறது. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஜூனில் அமெரிக்க நீதிபதி பயிற்சியையும் கோப்பு கிடைத்த விதத்தையும் பிரித்தே பார்த்தார். விலைக்கு வாங்கிய புத்தகங்களை ஸ்கேன் செய்து பயிற்றுவித்ததை ஏற்றார். திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்ததை ஏற்கவில்லை. பிறகு 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விலக்குகளைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. ஏஐ பயிற்சி அதில் இல்லை. யூடியூபில் காசு பார்ப்பது சொந்த உபயோகமும் ஆகாது.

பழைய பாட்டு என்பதால் தப்பிக்க முடியாது. வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும், ஆக்கியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். எனவே அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடிய உரிமை உண்டு. தியாகராஜர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் 1985-ல் வெளிவந்த கேசட்டை எடுத்தாள முடியாது. பலர் இடறுவது இங்கேதான்.

குரலும் இலவசமல்ல. அனுமதியின்றி இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ-யால் உருவாக்க 2024 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைக் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்துப் பயன்படுத்தினார். அதுவே முறை.

உங்கள் குழுவிலேயே பாடகர்கள் இருப்பார்களே! ஒருவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்: எதற்குப் பயன்படும், எத்தனை ஆண்டு, பாட்டுக்கு எவ்வளவு, அவர் விலகினால் மாடலை அழிப்பது உட்பட. ஆர்விசி போன்ற குரல் மாற்றும் மென்பொருளுக்குச் சுத்தமான பத்து நிமிடப் பதிவே போதும். எக்கோ, ரீவெர்ப் இல்லாமல் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3-யில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வெட்டுப்பட்டிருக்கும்; அதிலிருந்து குரலைப் பிரித்தால் வயலினும் தபேலாவும் ஒட்டிக்கொண்டே வரும், மாடல் அந்தக் கசடையும் கற்றுக்கொள்ளும். யூடியூபில் ஏற்றும்போது, செயற்கையாக உருவாக்கிய குரல் என்று குறிப்பிடவும் மறவாதீர்கள்.