கடைத் தம்பி அழுத்திய பொத்தான் அம்மாவின் சம்மதம் ஆகுமா?

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். 68 வயதான என் அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். கொழும்பிலுள்ள வைத்தியருக்கு வீடியோ அழைப்பில் காட்டுவதற்காகச் சந்திக் கடைத் தம்பி தன் போனில் ஒரு செயலியைத் திறந்தார். ஆங்கிலத்தில் நீண்ட பக்கம் ஒன்று வந்ததும் வாசிக்காமலே 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டார். புண்ணின் படங்களையும் அனுப்பினோம். "நான் எதுக்கு ஓமெண்டனான்?" என்று அம்மா இப்போது கேட்கிறா. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: உங்கள் அம்மா கேட்டதுதான் இங்கே சரியான சட்டக் கேள்வி. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, பொத்தானை அழுத்தித் தரப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சம்மதம் செல்லாததாகிவிடாது. ஆனால் அதை அழுத்தியவர் யார், எதை விளங்கிக்கொண்டு அழுத்தினார் என்பதே முக்கியம். சுயநினைவும் தெளிவும் உள்ள வயது வந்த ஒருவருக்காக, அவர் கேட்டுக்கொள்ளாமல், கடைத் தம்பி மட்டுமல்ல, பெற்ற மகளான நீங்களும் சம்மதம் கொடுக்க முடியாது.

எனினும் அம்மா கமராவுக்கு முன்னால் இருந்து தானாகவே காலை நீட்டிக் காட்டியிருந்தால், அந்த நேரப் பரிசோதனைக்கு அவ இணங்கியதாகவே கருத இடமுண்டு. அந்த இணக்கம் படங்களைச் சேமித்து வைக்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ நீளாது. திரையில் பார்க்கும் வைத்தியரால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க முடியாது, பாத நாடியைப் பிடித்துப் பார்க்கவும் முடியாது. இந்தக் குறையை அம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்லியிருந்தால்தான் அவ விளங்கிச் சம்மதித்தா என்று நான் ஏற்பேன்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவலாகக் கொள்கிறது. கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் அது இடமளிக்கிறது. ஆனால் அதன் ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரும் திகதிகள் தள்ளிப்போடப்பட்டதால், அதை மட்டும் நம்பி நீதிமன்றம் போகும்படி நான் சொல்லமாட்டேன். முதலில், படங்கள் எங்கே இருக்கின்றன, யார் பார்த்தார்கள் என்று கேட்டும், அவற்றை அழிக்கும்படி கோரியும் அம்மாவின் பெயரில் செயலியை நடத்தும் நிறுவனத்துக்குத் தமிழில் கடிதம் எழுதி, பிரதியைக் கையில் வைத்திருங்கள். கட்டணப் பற்றுச்சீட்டையும், போன் திரையைப் பிடித்து வைத்த படங்களையும் (ஸ்கிரீன்ஷொட்) அழிக்காதீர்கள்.

சிகிச்சையால் தீங்கு நேர்ந்திருந்தால் நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வைத்தியரின் கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் போதாது; பிள்ளையை இழந்த ஒரு தந்தை வைத்தியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தொடுத்து, 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கில், கவனயீனம் காணப்பட்டும், அதனாலேயே பிள்ளை இறந்தது என்று நிறுவப்படாததால் தந்தைக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும், ஆனாலும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல், புண்ணை நேரில் காட்ட அம்மாவை முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே கூட்டிச் செல்லுங்கள்.