வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி: வாசகர் கேள்விகள்

வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் படிக்கும் மொழி வேறொன்று என்று இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டதை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. "வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள், அப்போதுதான் சீக்கிரம் பிடித்துக்கொள்வான்" என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். அன்றிலிருந்து நானும் கணவரும் தடுமாறித் தடுமாறி அந்த மொழியிலேயே பேசுகிறோம். வீடே அமைதியாகிவிட்டது டீச்சர். நாங்கள் செய்வது சரிதானா?

சரியில்லை. இன்றைக்கே உங்கள் மொழிக்குத் திரும்பிவிடுங்கள்.

வீடே அமைதியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது ஓயாத பேச்சு. நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது, நேற்று அப்பாவுக்கு ஏன் கோபம் வந்தது, பொம்மை உடைந்தால் அதற்கு வலிக்குமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் அந்தப் பதில் பத்து வாக்கியம் நீளும், நடுவில் ஒரு கதையும் வந்துவிடும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் "சாப்பிடு", "தூங்கு", "ஷூவைப் போடு" என்பதைத் தாண்டிப் போக முடியாது. அப்படியானால் அவன் காதில் விழும் பள்ளி மொழியும் உங்கள் அரைகுறை மொழிதான், இழப்பதோ ஒரு முழு மொழியை.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெற்றோர்களிடம் இதே அறிவுரையைத்தான் சொன்னேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். சில மாதம் கழித்து ஒரு தாய் வந்து, "இப்போதெல்லாம் அவனிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அழுதார். அதன் பிறகு யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, சொல்லும் ஆசிரியர்களிடம் வாதாடியும் இருக்கிறேன்.

வீட்டு மொழியில் கற்றது பள்ளி மொழிக்கு உதவாது என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே இதை மறுத்து எழுதினார். ஒரு மொழியில் ஊன்றிய அறிவு அடுத்த மொழிக்கும் அடித்தளம் ஆகிறது என்பது அவர் கருத்து. யோசித்துப் பாருங்கள், மணி பார்க்கக் கற்ற பிள்ளை இன்னொரு மொழியில் மறுபடி மணி பார்க்கவா கற்க வேண்டும்? அவனுக்கு வேண்டியது புதுச் சொல் மட்டும். காரணம் சொல்வது, ஒப்பிடுவது, கதையை முதலிலிருந்து கோவையாகச் சொல்வது எல்லாம் இப்படித்தான்.

ஆசிரியையிடம் சண்டை வேண்டாம். "அடுத்த வாரம் என்ன பாடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நாங்கள் எங்கள் மொழியில் அதைப் பேசி வைக்கிறோம்" என்று கேளுங்கள். தாவரங்கள் பற்றிய பாடம் என்றால் வேர் என்ன செய்கிறது, இலை என்ன செய்கிறது என்று வீட்டிலேயே பேசியாயிற்று. வகுப்பில் உட்காரும்போது அவனுக்கு விஷயம் பழசு, சொற்கள் மட்டும்தான் புதுசு. நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் இதைச் செய்யலாம், எழுத்து தேவையே இல்லை.

கேள்வி: நான் ஆசிரியை. என் வகுப்பில் ஏழு வீட்டு மொழிகள். எனக்குத் தெரிந்தது பள்ளி மொழியும் தமிழும் மட்டும். தெரியாத மொழிகளுக்கு நான் எப்படி ஆதரவு தர முடியும்?

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன். ஏழு மொழியும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த மொழிகளில் பிள்ளைகள் யோசிக்க நீங்கள் இடம் விட்டால் போதும்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் அவர்கள் மொழியில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். அதட்டப் போனவள் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டேன். ஒருத்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்றாக மடித்திருந்தாள். இரண்டு மடிப்பைப் பென்சிலால் தீட்டிவிட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ஏதோ விளக்கினாள். மற்றவள் தாளைப் பிடுங்கி, அதே தாளை இன்னொரு முறை குறுக்கே மடித்துப் பிரித்துக் காட்டினாள். இப்போது ஆறு கட்டம், நான்கில் பென்சில் தீட்டல். மூன்றில் இரண்டும் ஆறில் நான்கும் ஒன்றுதான் என்று நான் அரைமணி நேரமாகப் பலகையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை அந்த இரண்டு பேரும் ஒரு தாளில் முடித்துவிட்டார்கள். அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன பேசினார்கள் என்பது முழுக்கப் புரிந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, "இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசுங்கள்" என்பேன். அப்புறம் பதில் பள்ளி மொழியில், இரண்டு சொல்லாக வந்தாலும் சரி. கட்டுரை என்றால் முதல் வரைவை விருப்பமான மொழியில் எழுதச் சொல்வேன், எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை, அது அவர்கள் யோசிப்பதற்கு. நோட்டின் ஓரத்தில் புதுச் சொல்லுக்கு அவரவர் மொழியில் பொருள் எழுதிக்கொள்ளட்டும். இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் எழுதுவது, பேசுவது என்று வேல்ஸ் நாட்டு வகுப்பறைகளில் திட்டமிட்டே செய்துவந்த முறைக்கு, கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994ல் முடித்த ஆய்வில் பெயரே வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டை மாட்டித் தண்டித்த நாடு அது.

ஒரு எச்சரிக்கை. பெற்றோர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் மதிப்பெண்ணைத் தானே அம்மாவுக்குச் சொல்லும் பிள்ளை பாதியை விழுங்கிவிடும், அது இயல்பு. அதைவிட, அம்மா தன்னைச் சார்ந்திருக்கிறாள் என்ற பாரம் அந்த வயதுக்கு அதிகம். பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். கைபேசி மொழிபெயர்ப்பு அவசரத்துக்கு உதவும். உடல்நலம், தேர்ச்சி போன்ற விஷயங்களுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

"எல்லாருக்கும் ஒரே பாடம்தானே நடத்துகிறோம், இதில் என்ன அநியாயம்" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ல் தீர்ப்புச் சொன்னது. பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் அது சமமாக நடத்தியது ஆகாது என்பதுதான் அதன் சாரம். அவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் இரண்டே வருஷத்தில் பள்ளி மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறாள். ஆனால் அறிவியலிலும் கணக்கிலும் மதிப்பெண் குறைகிறது. கவனமில்லை என்கிறார்கள்.

கவனத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விளையாடும்போது பேசும் மொழியும் பாடப்புத்தக மொழியும் வேறு வேறு. முன்னது பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் வந்துவிடும். பின்னதில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு வருஷம்கூட ஆகலாம் என்பதும் நான் முன்பு சொன்ன கம்மின்ஸ் முதலானோர் கண்டதுதான். தமிழையே எடுத்துக்கொள்ளுங்களேன். "வா, போகலாம்" என்று அழகாகத் தமிழ் பேசும் பிள்ளைக்கு "x ஒரு முழு எண் எனக் கொள்க" என்பது புரிந்துவிடுமா? "ஆகவே", "இருப்பினும்", "முறையே" என்றெல்லாம் மைதானத்தில் யாரும் பேசுவதில்லை. "கமலாவிடம் ரவியைவிட ஐந்து அதிகம்" என்ற வரியில் கூட்டல் தெரிந்த பிள்ளையும் அந்த "விட" என்ற இரண்டு எழுத்தில் தடுக்கி விழும்.

பேச்சு சரளமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளி உதவியை நிறுத்திவிடுகிறது. அதை மறுபடி தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஒரு காரியம் செய்து பாருங்கள்: அவள் தப்புவிட்ட கணக்கை உங்கள் மொழியில் வாயால் கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் அவளுக்குக் கணக்கு தெரியும், அந்த வாக்கியம்தான் தெரியவில்லை. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு வேறொரு லாபமும் உண்டு. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்டதுமே பாதி பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது, பள்ளி மொழிச் சொல்லை நெட்டுருப் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: பேரன் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலக்கிறான். குழம்பிவிட்டானா?

இல்லை ஐயா. "நான் ஸ்கூலுக்கு ரன் பண்ணினேன்" என்று அவன் சொன்னால் கவனியுங்கள்: "ஸ்கூலுக்கு" என்பதில் வேற்றுமை உருபு சரியாக இருக்கிறது, "பண்ணினேன்" என்பதில் தன்மை ஒருமை விகுதி சரியாக இருக்கிறது. இரவல் வாங்கிய சொற்களைத் தமிழ் இலக்கணத்தில் சரியாகப் பொருத்தத் தெரிந்தவன் எப்படிக் குழம்பியவன் ஆவான்? திருத்த வேண்டாம். "ஓ, பள்ளிக்கு ஓடினாயா, ஏன்?" என்று நல்ல தமிழில் பேச்சைத் தொடருங்கள். இரண்டு மொழி பிள்ளையின் மூளைக்குப் பாரம் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களே நம்பினார்கள். 1962ல் மாண்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பீலும் லாம்பெர்ட்டும் நடத்திய ஆய்வில் இருமொழிப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள்.

கேள்வி: புதுப் பள்ளியில் சேர்ந்து இரண்டரை மாதம். வகுப்பில் மகள் வாயே திறப்பதில்லை என்கிறார்கள். பேச்சுக் குறைபாடு இருக்குமோ?

வீட்டில் வாயாடுகிறாளா? அப்படியென்றால் பயப்படாதீர்கள். புது மொழிக்குள் வரும் சின்னப் பிள்ளைகள் பலர் முதலில் சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். "புத்தகத்தை எடு" என்றால் எடுக்கிறாளா, மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரிக்கிறாளா என்று ஆசிரியையைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையாட்டல், சுட்டிக்காட்டல், படம் வரைதல் எல்லாவற்றையும் பதிலாக ஏற்கச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பேச வைக்க வேண்டாம்.

வீட்டு மொழியிலேயே பேச்சு பின்தங்கியிருந்தாலோ, அந்தச் சில மாதத்தையும் தாண்டி இந்த மௌனம் நீண்டுகொண்டே போனாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் கட்டாயம் காட்டுங்கள். சோதனை இரண்டு மொழியிலும் நடக்க வேண்டும் என்று சொல்லியே காட்டுங்கள். பள்ளி மொழியில் மட்டும் சோதித்துவிட்டு "குறைபாடு" என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அதை அப்படியே ஏற்காதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. பெயர் யாழினி. பள்ளியில் எல்லாரும் யாலினி என்கிறார்கள் என்பதால் இப்போது பெயரையே சுருக்கி வேறு மாதிரி வைத்துக்கொண்டாள். நாங்கள் தமிழில் பேசினால் பள்ளி மொழியில் பதில் சொல்கிறாள். வெளியில் எங்களைத் தமிழில் பேச வேண்டாம் என்கிறாள். மனசு வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். தன் மொழிக்கு மதிப்பில்லை என்று அவளுக்கு யாரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் வருகைப்பதிவில் பெயர் தப்பாக விழுந்தபோது அவளாகவே அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். அவள் எந்த மொழியில் பதில் சொன்னாலும் பேச்சு அறுந்துபோகக் கூடாது, கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழி பின்னால் எப்போது வேண்டுமானாலும் வாய்க்கு வரும். அவளுக்குப் பிடித்த எதைப் பற்றியாவது தமிழில் பேசுங்கள், சினிமாவோ கிரிக்கெட்டோ எதுவானாலும் சரி. தமிழ் என்றாலே கண்டிப்பும் அறிவுரையும் என்று ஆகிவிட்ட வீடுகளில்தான் பிள்ளைகள் அதை விட்டு ஓடுகிறார்கள்.

பள்ளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. பிள்ளையின் பெற்றோரையும் அதன் மொழியையும் மதிக்கும் விதமாகக் கல்வி இருக்க வேண்டும் என்று 1989ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 29வது பிரிவு சொல்கிறது. வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டாமல் உள்ளே மடக்கி ழகரம் சொல்வது எப்படி என்று காட்டுங்கள். முதல் வாரம் அவருக்கு வராது. வராவிட்டாலும் மகள் முன்னால் முயன்று பார்க்கச் சொல்லுங்கள், அவள் திருத்தட்டும்.