சமையல் எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து டீசலாக மாற்ற முடியுமா? சிறுதொழிலாகச் செய்யலாமா?

முடியும். ஆனால் சிறுதொழிலாக முடியாது. தயவுசெய்து அந்த ஆளிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஊரில் பலகாரக் கடைகளின் பழைய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது, ஆறு லட்சம் கொடுத்தால் "ஹைட்ரஜன் டீசல் யூனிட்" போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார், அப்பாவின் நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நிலம், அப்பா, எண்ணெயிலிருந்து டீசல் என்ற மூன்றும் சேர்ந்து எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பயோடீசல் என்று எல்லோரும் சொல்வது வேறு, நீங்கள் கேட்பது வேறு. பயோடீசலில் எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரி வாக்கில் சூடாக்கிக் கலக்குவார்கள். கிளிசரின் அடியில் தங்கும், மேலே நிற்பது பயோடீசல். கல்லூரி லேபில் பீக்கர் வைத்தே செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். அதில் ஆக்சிஜன் அப்படியே இருக்கும், எடையில் ஏறக்குறைய 11 சதவீதம். அதனால் நாள்பட்டால் கெடும், ஈரம் இழுக்கும். ஹைட்ரஜன் வழியில் அந்த ஆக்சிஜனையே பிடுங்கி எறிகிறோம். 300 முதல் 400 டிகிரி சூட்டில், நம் சமையல் கேஸ் சிலிண்டருக்குள் இருப்பதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில், நிக்கல்-மாலிப்டினம் பூசிய வினையூக்கி மணிகளின் மீது எண்ணெயும் ஹைட்ரஜனும் சேர்ந்து இறங்கும். எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு முதுகெலும்பில் தொங்கும் மூன்று நீளமான வால்கள். முதுகெலும்பு புரொப்பேன் வாயுவாகப் பிரிந்து போய்விடும். ஆக்சிஜன் பாதி தண்ணீராகவும் பாதி கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு என்றும் வெளியேறும். வால்கள் மூன்றும் சுத்தமான ஹைட்ரோகார்பனாக, 15 முதல் 18 கார்பன் நீளத்தில், தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்து நிற்கும். வந்தது பயோடீசல் இல்லை, டீசலேதான். சொல்லப்போனால் பங்க் டீசலைவிட உசத்தி. ஐரோப்பிய விதிப்படி சாதா டீசலின் சீட்டேன் எண் (எஞ்சினுக்குள் எவ்வளவு சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) 51 இருந்தால் போதும், இதற்கு 70க்கு மேல் வரும்.

"அப்போ டால்டாவும் இதுவும் ஒண்ணா, அதிலும் ஹைட்ரஜன்தானே" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. வனஸ்பதியில் ஹைட்ரஜன் வாலில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை மட்டும் நிரப்புகிறது. ஆக்சிஜனும் முதுகெலும்பும் அப்படியே இருப்பதால் அது கொழுப்பாகவே நிற்கிறது.

(கெமிக்கல் இன்ஜினியர்கள் கவனத்துக்கு: எளிமைக்காகச் சிலதை விட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். நான் விஞ்ஞானி அல்ல. ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்தவள். ஆனால் மேலே சொன்ன வேலை நடக்கும் அந்த ரியாக்டரை, அதாவது அழுத்தக் கலனை, என் கையால் ஓட்டியிருக்கிறேன்.)

இப்போது எங்கள் கதை. விருதுநகர் மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. 2007இல், கொட்டை எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம் என்று காட்டாமணக்குப் பேச்சு ஊரெல்லாம் இருந்தது. தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்கும், கொட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி ஆட்கள் வந்து எழுதி வாங்கினார்கள். அப்பா அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஏக்கருக்கு ஆயிரம் நாற்று வைத்தார். ஆடு வாய் வைக்காது என்பது மட்டும்தான் உண்மையாக இருந்தது. தண்ணீர் இல்லாமல் செடி சாகாது, அவ்வளவுதான். காய்க்காது. எந்த வருடமும் மொத்தக் கொட்டை நூறு கிலோவைத் தாண்டவில்லை. வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்களின் போன் நம்பர் 2010இலேயே வேலை செய்யவில்லை. 2012இல் அப்பா எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மறுபடி சோளம் போட்டார். கடைசியாகப் பறித்த கொட்டை மட்டும் சாக்கில் கட்டி தொழுவத்து மூலையில் கிடந்தது.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுத்ததற்கு அந்தச் செடியும் ஒரு காரணம். கல்லூரிக் கடைசி வருடப் ப்ராஜெக்டுக்கு அப்பாவின் முந்தைய வருடக் கொட்டையில் எடுத்த எண்ணெயில்தான் பயோடீசல் முயன்றேன். பீக்கர் முழுக்கச் சோப்பு வந்தது. பழங்கொட்டை எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், காஸ்டிக் சோடா சேர்ந்ததும் சோப்பாகிவிடும். அன்றைக்கு அழுதேன்.

பிறகு வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். (டேராடூனில் இருப்பது அல்ல, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) அங்கேதான் முதன்முதலாக ஹைட்ரஜன் வழியைப் பார்த்தேன். இதில் அமிலம் ஏறிய எண்ணெயும் டீசலாகும். அமிலத்துக்கு ஈடுகொடுக்கும் எவர்சில்வர் குழாய்கள் வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் எனக்குத் தொழுவத்து மூலைச் சாக்குதான் ஞாபகம் வந்தது. சாரிடம் அனுமதி வாங்கி, லீவில் வந்தபோது அந்தக் கொட்டையை ஆட்டிக் கொண்டுபோனேன். ஆட்டுவதே பெரும்பாடு. கடலை, எள் ஆட்டுகிற மில்காரர்கள் விஷக்கொட்டையைச் செக்கில் போட விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. வேப்பங்கொட்டை ஆட்டும் ஒரு மில்லில் கடைசியாக ஆட்டிக் கொடுத்தார்கள். பதினாறு கிலோ கொட்டைக்கு நாலு கிலோ எண்ணெய்.

அந்த எண்ணெயை அப்படியே ரியாக்டருக்குள் விடக்கூடாது. யூனிட் விற்கிற ஆள் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பச்சை எண்ணெயில் கோந்து இருக்கும். அதிலுள்ள பாஸ்பரஸ் வினையூக்கி மீது படிந்து மணிகளை ஒட்டவைத்துவிடும். எனக்கு முன்னால் இருந்த பையன் புங்க எண்ணெயை வடிகட்டி மட்டும் விட்டிருக்கிறான். பத்தே நாளில் ரியாக்டர் அடைத்துக்கொண்டது. கருங்கல் மாதிரி இறுகிய வினையூக்கியைக் கம்பியால் இடித்து எடுத்ததை நானே பார்த்தேன். அதனால் அப்பாவின் எண்ணெயைச் சுடுதண்ணீரும் சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கலக்கி, கோந்தைப் படியவைத்து, முல்தானி மிட்டி இனத்துக் களிமண்ணில் வடிகட்டி, இரண்டு நாள் மெனக்கெட்டேன். உங்கள் வடைச்சட்டி எண்ணெயில் கோந்து குறைவாக இருக்கலாம், ஆனால் உப்பும் தண்ணீரும் கருகிய மாவும் இருக்கும். பெரிய ஆலைகளில் இந்தச் சுத்திகரிப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இன்னொன்று, வினையூக்கிக்குக் கந்தகம் வேண்டும். அதன் உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த வடிவில் இருந்தால்தான் வேலை செய்யும். கச்சா டீசலில் கந்தகம் தானாக வரும், தாவர எண்ணெயில் கிட்டத்தட்ட இல்லை. எனவே கந்தகச் சேர்மம் ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாற்றம், விஷம். உங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா?

அப்பாவின் எண்ணெயை ரியாக்டரில் ஓட்டியது 2014 ஜனவரியில். ஹைட்ரஜன் கசிந்தால் தேங்கக்கூடாது என்று ரியாக்டர் இருந்த கொட்டகையை இரண்டு பக்கமும் திறந்தே வைத்திருப்பார்கள். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும், சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. திறந்த கொட்டகை, வடநாட்டு ஜனவரி, இரவு இரண்டரை மணி. நான் தனியாக. ரியாக்டர் 50 பாரில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 50 மடங்கு), 350 டிகிரியில் ஓடுகிறது. திடீரென்று கீழே பாட்டிலில் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றுவிட்டது.

முதலில் பம்ப் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் 53, 55 என்று ஏறியது. குழாயைத் தொட்டபோதுதான் புரிந்தது, பனிக்கட்டி மாதிரி இருந்தது. நாங்கள் தயாரித்த டீசல் குழாய்க்குள்ளேயே மெழுகாக உறைந்துவிட்டது. 17 கார்பன் நேர்ச்சங்கிலி 22 டிகிரியில் உறையும், 18 கார்பன் 28 டிகிரியில் உறையும். கொட்டகையில் அன்று 7 டிகிரி. குழாயைச் சுற்றி இருக்கவேண்டிய சூட்டு நாடாவை ஒரு வாரம் முன்பே இன்னொரு கருவிக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன், யாரும் படிக்கவில்லை.

அழுத்தம் 61. எண்ணெய் பம்பை நிறுத்தினேன், ஹீட்டரை அணைத்தேன், ஹைட்ரஜன் வால்வை அடைத்தேன். பிறகு கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, என் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து குழாயில் சுற்றினேன். ஆறியதும் மறுபடி நனைத்துச் சுற்றினேன். ஏறக்குறைய நாற்பது நிமிடம். உள்ளங்கை இரண்டும் வெந்துபோனது. பிறகு ஒரு துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

காலையில் வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, ரன்னை (ரியாக்டர் ஓட்டத்தை) ஏன் நிறுத்தினாய் என்பதுதான். அந்த வருட அறிக்கையில் அந்த ரன்னின் கணக்கு இருக்கிறது, ஓட்டியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்: இரவு ஷிப்ட் போடுவார்கள், ஆனால் பெண்களுக்கு ஹாஸ்டலிலிருந்து வண்டி கிடையாது. ஒன்றரைக் கிலோமீட்டர், தெருவிளக்கு இல்லாத சாலை, கையில் டார்ச். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பயமாக இருந்தால் பகல் வேலைக்கு மாற்றிக்கொள் என்றார்கள். பகல் வேலை என்றால் ரியாக்டர் இல்லை, டைப்பிங். இன்றைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த ஆய்வுக்கூடமாவது இதைப் படித்தால், முதலில் வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

சரி, உறைந்ததுக்கு வருகிறேன். பெரிய ஆலைகளில் இதற்கு இரண்டாவது ரியாக்டர் வைத்திருக்கிறார்கள். அங்கே பிளாட்டின வகை வினையூக்கி, நேர்ச்சங்கிலியைக் கிளை கிளையாக மாற்றும். கிளைவிட்ட பிறகு மைனஸ் 30 டிகிரியிலும் உறையாத டீசல் செய்யலாம். பின்லாந்துக்காரர்களுக்கு அது வேண்டும் அல்லவா? அவர்களுடைய நெஸ்டே கம்பெனிதான் 2007இல் போர்வோ நகரில் பெரிய அளவில் தொடங்கியது, 2010இல் சிங்கப்பூர் துவாஸில், 2011இல் ராட்டர்டாமில். இத்தாலியின் எனி கம்பெனி வெனிஸ் பக்கத்தில் இருந்த கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையே 2014இல் இதற்கு மாற்றிவிட்டது. வருடத்துக்கு லட்சக்கணக்கான டன் ஓட்டுகிறார்கள். ஒரு டன் எண்ணெய்க்கு 30, 40 கிலோ ஹைட்ரஜன் வேண்டும், அதற்கு இயற்கை வாயுவை உடைக்கும் தனி ஆலை. ஆறு லட்சத்தில் அந்த அழுத்தத்துக்கான ஒரு நல்ல கம்ப்ரஸரைக்கூட வாங்க முடியாது. எதை வைத்து யூனிட் போட்டுத் தருவார் அந்த மனிதர்?

இதைப் படித்து "வளர்ச்சிக்கு எதிரானவள்" என்று யாரும் எழுதவேண்டாம். இந்த முறை நல்ல முறை. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்தது, அந்த எரிபொருளை டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் செய்தது. டிவியில் பார்த்துவிட்டு அப்பா போன் போட்டார். "தாயி, நம்ம காட்டாமணக்குல ப்ளேன் பறக்குதாம்ல?" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். அந்த விஞ்ஞானிகள்மீது எனக்கு மிகுந்த மரியாதை. என் கோபமெல்லாம் ஆய்வகத்தில் நடப்பதைக் காட்டி ஊரில் பணம் பிடுங்குகிறவர்கள்மீதுதான்.

பழைய எண்ணெய் உங்களுக்கு உண்மையிலேயே நிறையக் கிடைக்கிறதென்றால், சேகரித்து விற்கிற தொழிலைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ரூகோ என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் கடைகளிலிருந்து வாங்கி பயோடீசல் ஆலைகளுக்குக் கொடுப்பது. ஒரு வண்டியும் கேன்களும் முறையான பதிவும் இருந்தால் தொடங்கலாம். நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை.

அந்த ஜனவரி ரன்னில் கிடைத்ததில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். இருபது மில்லி. ரயில் ஏறும்போது வெள்ளை மெழுகாக இருந்தது. விஜயவாடா தாண்டியபோது ஓரம் இளகியிருந்தது. விருதுநகரில் இறங்கும்போது முழுக்கத் தெளிந்த தண்ணீர். அப்பா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். காட்டாமணக்கு வாடை துளியும் இல்லை.

"ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ கொட்டை தாயி?"

"நாலு கிலோ ஆகும்ப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூடியை இறுக்கித் திருகிக்கொண்டே சொன்னார்: "அப்ப ரெண்டு ஏக்கரும் சேந்து ஒரு டிராக்டர் டேங்க்கை நெறச்சிருக்காது."

குப்பி இன்னும் சாமி மாடத்தில் இருக்கிறது.