கோபத்தில் துடிப்பு 140: பயப்பட வேண்டுமா?

வணக்கம் சகோதரி. 6 வயது மகன் கோபப்பட்டுக் கத்தும்போது கையில் கட்டிய வாட்ச் 140 காட்டுகிறது, இதயத்தில் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். அழுது புரளும் குழந்தைக்கு அந்த எண் வருவது இயல்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, ஓடும்போது மயக்கம் என்று இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மூளையிலிருந்து இதயத்துக்கு வேகஸ் என்றொரு நரம்பு போகிறது. அது பிரேக் மாதிரி. அமைதியாக இருக்கும்போது துடிப்பை அழுத்திப் பிடிக்கும். சவால் வந்தால் கொஞ்சம் விடும், அப்புறம் மறுபடி பிடிக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று கூடி, விடும்போது குறைவதும் பெரும்பாலும் இதன் வேலையே. இந்தப் பிரேக் நெகிழ்வாக இயங்கும் பிள்ளைகளிடம் அடம், அடிதடி சராசரியாகக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தத் தொடர்பு சிறியது. வாட்சை வைத்துப் பிள்ளையின் குணத்தை எடைபோடாதீர்கள். தயவுசெய்து அதைக் கழற்றி வையுங்கள். நீங்கள் அதையே பார்த்துப் பதறுவது அவனுக்கும் தெரியும்.

கத்தும் நேரத்தில் புத்தி சொன்னால் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நீங்கள் முதலில் மெதுவாக மூச்சு விடுங்கள். சோப்புக் குமிழி ஊதும் விளையாட்டை அவன் சந்தோஷமாக இருக்கும்போதே பழக்குங்கள். நீளமாக ஊதும்போது துடிப்பு தானாக இறங்கும். எத்தனை நிமிடத்தில் அடங்குகிறான் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.